வைக்கோலும் வெள்ளியும்

சென்ற மாதத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டபின், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தான். தந்தையார் சிறு கடையொன்றை நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கிவருபவர். மூத்த மகளின் திருமணத்துக்கென வங்கியில் நிலையான வைப்பாக இட்டிருக்கும் பணம் முழுவதையும் மீட்டு வெள்ளிக் கட்டிகளாக வாங்கி வைத்துவிடலாமா என்பது அவருடைய யோசனை. "உலகத்திலே வெள்ளிக்குத் தட்டுப்பாடாம், மாஸ்ரர். சூரிய மின்சாரத்துக்கும் மின்சாரக் காருக்கும் வெள்ளி இல்லாமல் முடியாதாம். இனி விலை இறங்காது என்று எல்லாரும் சொல்லுகினம்" என்றார். மகன் வேறொரு கேள்வியுடன் வந்திருந்தான். "விலை இவ்வளவு ஏறினால் சுரங்கக்காரர் இன்னும் அதிகமாக வெட்டி எடுக்கமாட்டார்களா, ஐயா? பொருளியலில் அப்படித்தானே படித்தோம்?"

தந்தையின் கேள்விக்குரிய விடை மகனின் கேள்விக்குள் அடங்கியிருந்தது. ஆகவே முதலில் மகனுக்கே விடை கூறத் தொடங்கினோம். அன்று கூறியவற்றைச் சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம்.

பொருளியல் நூல்கள் கூறும் விதி பொய்யன்று. எமது குடாநாட்டில் வெங்காயத்தின் விலை ஒரு போகத்தில் உச்சத்தை எட்டினால், அடுத்த போகத்தில் மரவள்ளி நின்ற காணியிலும் வெங்காயம் முளைத்துவிடும். பின்னர் விலை விழுந்து, நட்டவர் தலையிற் கைவைத்துக்கொள்வதும் உண்டு. கேள்வி மிக விலை ஏறும். விலை ஏற நிரம்பல் மிகும். வெள்ளி மாத்திரம் இவ்விதிக்கு எளிதில் அடங்குவதில்லை. 2016 ஆம் ஆண்டில் ஓர் அவுன்ஸ் வெள்ளியின் சராசரி விலை 17 அமெரிக்க டொலர் அளவில் இருந்தது. அவ்வாண்டில் உலகச் சுரங்கங்கள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய 90 கோடி அவுன்ஸ் வெள்ளியை வெளிக்கொணர்ந்தன. 2024 இல் சராசரி விலை 28 டொலராயிற்று. வெளிவந்த வெள்ளியோ 82 கோடி அவுன்ஸ் அளவுதான். (வெள்ளியையும் பொன்னையும் நிறுக்கும் அவுன்ஸ், மற்றப் பண்டங்களை நிறுக்கும் அவுன்ஸ் அன்று, அது 31 கிராமுக்குச் சற்று மேற்பட்டது.) விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருக்க, நிரம்பல் குறைந்திருக்கின்றது.

இதன் காரணத்தை அறிய, வயல் விதைக்கும் கமக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாற் போதும். வைக்கோலின் விலை இரட்டித்துவிட்டதென்று அவர் இன்னும் இரண்டு பரப்புக் காணியை உழுவாரா? உழமாட்டார். அவர் விதைப்பது நெல்லுக்காக. சூடு மிதித்து நெல்லைப் பிரித்தபின் எஞ்சுவது வைக்கோல். அதற்கு நல்ல விலை கிடைத்தால் அவருக்கு மகிழ்ச்சியே. ஆனால் எவ்வளவு விதைப்பது என்பதை நெல்லின் விலையும் மழையுமே முடிவு செய்யும்.

வெள்ளியும் பெரும்பாலும் இத்தகைய வைக்கோலே ஆகும். சுரங்கங்களிலிருந்து வரும் வெள்ளியில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேற்பட்டது, ஈயம், நாகம், செம்பு, பொன் ஆகியவற்றைத் தேடிச் செல்வோரின் கையில் உடன் அகப்படுவதாகும். செம்பை மின்பகுப்பினால் தூய்தாக்கும் பாடம் இரசாயனம் பயிலும் மாணவருக்கு நினைவிருக்கும். தூய்மையற்ற செம்பு அனோட்டாகக் கரைந்து மறுபுறம் தூய செம்பாகப் படிய, அனோட்டின் கீழே ஒரு சேறு எஞ்சும். பரீட்சையில் ஒரு வரியில் எழுதிவிட்டு மறந்துவிடும் அச்சேற்றிலேதான் வெள்ளியும் பொன்னும் இருக்கின்றன. போலந்து நாட்டின் கே.ஜி.எச்.எம். நிறுவனம் தோண்டுவது செம்பை. ஆயினும் ஆண்டொன்றுக்கு 1,000 தொன்னுக்கு மேற்பட்ட வெள்ளியை அது விற்கின்றது. உலகின் மிகப் பெரிய வெள்ளி உற்பத்தியாளர் வரிசையில் ஒரு செம்பு நிறுவனம் முன்னணியில் நிற்பது விந்தையே. ஈயத்தின் கதையும் இத்தகையதே. உருகிய ஈயத்தில் சிறிதளவு நாகத்தைச் சேர்த்தால், ஈயத்திலுள்ள வெள்ளி நாகத்தை நாடிச் சென்று மேலே மிதக்கும்; அதனை வழித்தெடுத்து வெள்ளியைப் பிரிப்பர். 1850 அளவில் அலெக்சாந்தர் பார்க்ஸ் என்னும் ஆங்கிலேயர் உரிமை பெற்ற முறை இது.

ஆகவே, ஈய-நாகச் சுரங்கத்தின் அதிபர் காலையில் எழுந்ததும் பார்ப்பது நாகத்தின் விலையை. அது வீழ்ந்தால், வெள்ளி எவ்வளவு ஏறியிருந்தாலும், அவர் சுரங்கத்தை மூடவும் கூடும்; அதனோடு வெள்ளியும் நின்றுபோம்.

வெள்ளிக்கெனவே வெட்டப்படும் சுரங்கங்கள் இல்லையா என மாணவன் இடைமறித்தான். உண்டு. உலகில் வெள்ளியை மிகுதியாக எடுக்கும் நாடு மெக்சிக்கோ. அங்குள்ள பிரெஸ்னில்லோ வட்டாரத்தில் 16 ஆம் நூற்றாண்டு தொட்டு வெள்ளி வெட்டப்படுகின்றது. ஆனால் இத்தகைய சுரங்கங்கள் சில. புதிதாக ஒன்றைத் திறப்பதற்குப் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்லும். திறந்த சுரங்கமும் நிலைத்திருக்கும் என்பதற்கில்லை. குவாத்தமாலாவின் எஸ்கோபல் சுரங்கம் 2014 இல் முழு அளவில் வேலை தொடங்கி, ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி அவுன்ஸ் தந்துகொண்டிருந்தது. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஷிங்கா மக்களை முறைப்படி கலந்தாலோசிக்காமலே உரிமம் வழங்கப்பட்டது என்னும் வழக்கில், 2017 இல் நீதிமன்றம் அதனை நிறுத்தியது. உலகச் சந்தையில் வெள்ளி குறைகின்றதே என்று அம்மக்களைக் குறைகூறுவோர் உளர். நாம் அவர்களோடு சேரமாட்டோம். தம் நீரையும் நிலத்தையும் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்பட வேண்டும் என்று அவர்கள் விரும்பியது பெரிய குற்றமன்று.

இவ்வளவும் கேட்ட தந்தையாரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் சொன்னது சரிதானே, மாஸ்ரர்? தோண்டவும் ஏலாது, தேவையும் கூடுது!" என்றார். அவர் கூறியதில் பாதி சரியே. மறுபாதியைக் கூறுவதற்கு, வெள்ளியைக் கையாளுவோரின் பக்கம் திரும்பவேண்டியிருந்தது.

உலோகங்கள் யாவற்றிலும் மின்னையும் வெப்பத்தையும் சிறப்பாகக் கடத்துவது வெள்ளியே. ஒளியையும் வேறெந்த உலோகத்திலும் மேலாகத் தெறிக்கச் செய்கின்றது. வீட்டுச் சுவரிலுள்ள மின்னாளியின் உள்ளே, ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் சிறு முனைகளில் பெரும்பாலும் வெள்ளி கலந்திருக்கும். செம்பு முனை பொறி பறக்கும்போது ஒட்சியேறிக் கறுத்து, மின்னைத் தடுத்துச் சூடேறும். வெள்ளியின் ஒட்சைட்டோ வெப்பத்தில் தானே பிரிந்து மீண்டும் வெள்ளியாகிவிடும். 2024 இல் உலகம் கொள்வனவு செய்த ஏறக்குறைய 116 கோடி அவுன்சில் 68 கோடி தொழிற்சாலைகளுக்கே சென்றது என்று சில்வர் இன்ஸ்ரிரியூட் என்னும் அமைப்பு கணக்கிட்டுள்ளது. 2021 தொடங்கி 2024 வரை ஆண்டுதோறும் தேவை நிரம்பலை மிஞ்சியே இருந்தது. பற்றாக்குறை பழைய இருப்புக்களிலிருந்து ஈடுசெய்யப்பட்டது.

ஆனால் செம்பு வெள்ளியை விட எவ்வளவு தாழ்ந்த கடத்தி? நூற்றுக்கு ஆறு பங்களவே. விலையிலோ வெள்ளி செம்பைப் போல நூறு மடங்குக்கு மேல். இந்த ஆறுக்கும் நூறுக்கும் இடையிலேதான் வெள்ளியின் சரித்திரம் முழுவதும் நடைபெறுகின்றது. சுரங்கம் அசையாதபோது, வெள்ளியை உபயோகிப்போர் அசைகின்றனர். அதனைச் சிறிதாகக் குறைக்கின்றனர், பின் வேறொன்றைக் கலக்கின்றனர், இறுதியில் விட்டேவிடுகின்றனர்.

முதலில் விட்டவை அரசாங்கங்கள். பிரித்தானியா தன் வெள்ளி நாணயங்களில் நூற்றுக்கு 92½ பங்காக இருந்த வெள்ளியை 1920 இல் 50 ஆகக் குறைத்தது. 1947 இல் அறவே நீக்கி, செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தைப் புகுத்தியது. அமெரிக்கா 1965 இல் சட்டமியற்றித் தன் 10 சத, 25 சத நாணயங்களிலிருந்து வெள்ளியை எடுத்தது. இலங்கையிற் பழைய பெட்டிகளைக் கிளறுவோர் இதனைத் தம் கையாலேயே அறியலாம். 1942 ஆம் ஆண்டு பொறித்த 50 சத நாணயத்தில் பாதிக்கு மேல் வெள்ளி. 1943 ஆம் ஆண்டினதோ நிக்கல் கலந்த பித்தளை. இரண்டிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையே உள்ளது. கடைக்காரர் இரண்டையும் 50 சதமாகவே ஏற்றிருப்பார். அறிந்தவர்கள் முந்தியதை மடியிற் கட்டிக்கொண்டு பிந்தியதைச் செலவழித்திருப்பர்.

அதே 1942 இல் அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான செயலொன்று நிகழ்ந்தது. அணுகுண்டு செய்யும் இரகசிய முயற்சிக்காக, ரெனசி மாநிலத்தின் ஓக் றிட்ஜ் என்னுமிடத்தில் யுரேனியத்தைப் பிரிக்கும் மாபெரும் மின்காந்தங்கள் வேண்டப்பட்டன. அவற்றைச் சுற்றுவதற்குச் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான தொன் தேவை. செம்போ யுத்தத்தில் வெடியுறைகளுக்கே போதாது. ஆகவே கேணல் கெனத் நிக்கல்ஸ் என்னும் பொறியியலாளர் திறைசேரிக்குச் சென்று, செம்புக்குப் பதிலாக வெள்ளியைக் கடன் தருமாறு கேட்டார். அவர் தொன் கணக்கிற் கேட்க, திறைசேரி அதிகாரி, தாம் வெள்ளியை அவுன்சிலேதான் கணக்கிடுவது வழக்கமென்று கூறினாராம். இறுதியில் ஏறக்குறைய 13,300 மெற்றிக் தொன் வெள்ளி வழங்கப்பட்டது. 2024 இல் உலகச் சுரங்கங்கள் யாவும் சேர்ந்து வெட்டியதில் பாதிக்கு மேற்பட்ட தொகை இது! கட்டிகள் உருக்கப்பட்டுத் தகடாகி, காந்தங்களைச் சுற்றின. யுத்தம் முடிந்தபின் சிறிது சிறிதாகத் திருப்பப்பட்டு, கடைசிப் பகுதி 1970 இல் திறைசேரியை அடைந்தது. தொலைந்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த வெள்ளி எதற்கு உதவியது என்பதை நினைக்கையில் எமக்கு மகிழ்ச்சியில்லை. ஆயினும் இந்நிகழ்ச்சியை மாணவனுக்குக் கூறியமைக்குக் காரணம் உண்டு. ஒன்றுக்கு மற்றொன்று பதிலாவது விலையை மட்டும் பொறுத்ததன்று. எது கைக்கு எட்டுகின்றது என்பதையும் பொறுத்தது. எட்டாதபோது செம்பின் வேலையை வெள்ளி செய்யும். வெள்ளியின் வேலையைச் செம்பு செய்யும்.

வெள்ளி தன் இடத்தை முற்றிலும் எதிர்பாராத வகையில் இழந்தது நிழற்படக் கலையிலே. ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்புக்களே படச்சுருளின் உயிர். நூறாண்டுக்கு மேலாக இரசாயனியர் எவ்வளவு தேடியும் அவற்றுக்கு நிகரான மலிவுப் பொருள் அகப்படவில்லை. 1999 இல் உலகின் வெள்ளித் தேவையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு படச்சுருளுக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கும் அச்சுத்தாளுக்குமே சென்றது. அன்று எவரேனும் 'நிழற்படத்துக்கு வெள்ளி இன்றி முடியாது, ஆகவே வெள்ளி வாங்குங்கள்' என்று கூறியிருந்தால் மறுக்க இயலாதிருந்திருக்கும். ஆனால் மாற்று உலோகம் ஒன்றும் வரவில்லை, படச்சுருளே போய்விட்டது. கொடாக் நிறுவனத்தில் ஸ்ரீவன் சசன் என்னும் பொறியியலாளர் 1975 இலேயே சுருளில்லாக் கமராவைச் செய்துகாட்டியிருந்தார். அதே நிறுவனம் 2012 தை மாதத்தில் கடன் தீர்க்க வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2024 இல் நிழற்படத்துக்குச் சென்ற வெள்ளி 3 கோடி அவுன்சுக்கும் குறைவு.

படச்சுருளை ஒழித்தது சிலிக்கன் சில்லு. வெள்ளிக்கு மீண்டும் வாழ்வளித்ததும் சிலிக்கனே. கூரைமேல் வைக்கும் சூரியமின் பலகைகளை அருகிற் சென்று பார்த்தோர், நீலமும் கருமையுமான பரப்பின்மேல் மயிரிழை போன்ற வெண்கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பர். அவை வெள்ளிக் களியினால் அச்சிடப்பட்டவை. சூரிய ஒளியாற் பிறக்கும் மின்னை வாரியெடுத்துச் செல்லும் வாய்க்கால்கள் அவை. 2015 இல் ஏறக்குறைய 6 கோடி அவுன்ஸ் வெள்ளி இவ்வழியிற் சென்றது. 2024 இல் 20 கோடியை நெருங்கிற்று. தந்தையார் கேள்விப்பட்ட தட்டுப்பாட்டின் மூலம் இதுவே.

இங்கே செம்பை இட்டால் என்ன? இட எத்தனித்தோர்க்கு இரண்டு இடையூறுகள் எதிர்ப்பட்டன. கோடுகளை அச்சிட்டபின் கலத்தைக் காற்றில் 700 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்க வேண்டும். அச்சூட்டிற் செம்பு ஒட்சியேறிக் கெட்டுவிடும். தப்பியதும் மெல்ல மெல்லச் சிலிக்கனுக்குள் ஊடுருவி, பிறக்கும் மின்னை அங்கேயே விழுங்கும். 25 ஆண்டு உழைக்கும் என உறுதி கூறி விற்கப்படும் பலகைக்கு இது தகாது. ஆகவே வெள்ளியை விடாது, முதலிற் சிக்கனம் பிடித்தனர். 2009 அளவில் ஒரு கலத்துக்கு 500 மில்லிகிராம் அளவு வெள்ளி சென்றது. கோடுகளை மெலிதாக்கி மெலிதாக்கிப் பத்தாண்டில் அதனை 100 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்துவிட்டனர். ஐந்தில் ஒரு பங்கு! ஆயினும் மொத்தத் தேவை ஏறியமைக்குக் காரணம், பலகைகளின் தொகை அதனிலும் விரைவாகப் பெருகியதே. 2009 இல் உலகெங்கும் புதிதாக நிறுவப்பட்டவை 10 கிகாவாற்றுக்கும் குறைவு. 2024 இல் 400 கிகாவாற்றுக்கு மேல். பிந்தி வந்த சில வகைக் கலங்கள் முந்தியவற்றிலும் கூடிய வெள்ளியை வேண்டியதும் உண்மை.

இன்று அடுத்த படியும் ஏறப்பட்டுவிட்டது. செம்புத் துகள்களுக்கு வெள்ளிப் போர்வை போர்த்த களியைக் குறைந்த சூட்டில் அச்சிடும் முறை வந்துள்ளது. செம்பு ஊடுருவாதபடி இடையே வேறோர் உலோகத்தைத் தடுப்பாக வைத்து, செம்பை மின்முலாமாக ஏற்றும் முறையும் உண்டு. அமெரிக்காவின் சன்பவர் நிறுவனம் விலையுயர்ந்த கலங்களில் இதனை நெடுங்காலம் கையாண்டது. சீனாவின் ஐக்கோ நிறுவனம் வெள்ளியே இல்லாத கலங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தது. செலவும் சிக்கலும் இம்முறைகளைப் பின்னே பிடித்து வைத்திருந்தன. வெள்ளியின் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் அப்பிடி சற்றுத் தளர்கின்றது. 2025 ஐப்பசியில் ஓர் அவுன்ஸ் 50 டொலரைக் கடந்தபோது, மகிழ்ந்தவர்களுள் செம்புமுலாம் பூசும் பொறியியலாளரும் இருந்திருப்பர் என நாம் எண்ணுகின்றோம்.

50 டொலர் என்னும் அந்த எண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. தந்தையாருக்கு நாம் விசேடமாகச் சொல்ல விரும்பியது அதுவே. 1979 தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் 6 டொலர் அளவில் இருந்தது. ரெக்சாஸ் மாநிலத்தின் ஹன்ற் சகோதரர்கள், பணத்தின் பெறுமதி தேய்கின்றது, வெள்ளி என்றும் தேயாது என்ற நம்பிக்கையிற் கடனுக்கு மேற் கடன் பட்டு வாங்கிக் குவித்தனர். 1980 தை மாதத்தில் விலை 50 டொலரை நெருங்கிற்று. அவ்வேளையில் அமெரிக்கக் குடும்பங்கள் பாட்டியின் கரண்டிகளையும் தேநீர்ச் சாடிகளையும் எடுத்துக்கொண்டு உருக்குவோரிடம் ஓடின. சுரங்கம் தராத வெள்ளியை அடுக்களை தந்தது. சந்தை அதிகாரிகள் கடனுக்கு வாங்குவதைக் கட்டுப்படுத்த, அவ்வாண்டு பங்குனி 27 ஆம் நாள், வியாழக்கிழமை, விலை 11 டொலருக்குக் கீழே விழுந்தது. தை மாதத்து உச்சியில் வாங்கியவர் அவ்விலையை அண்மித்துக் காண 2011 வரையும், அதனைத் தெளிவாகக் கடந்து காண 2025 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பெண்ணுக்கு 45 ஆண்டு கழித்தா திருமணம் செய்வது?

"அப்ப வாங்க வேண்டாம் என்று சொல்லுறீங்களோ?" என்று தந்தையார் கேட்டார்.

விலை ஏறுமா இறங்குமா என்பதை நாம் அறியோம். அறிந்தோம் என்போரை நம்பவும் மாட்டோம் என்றோம். ஆனால் இன்ன மாதத்தில் எடுத்தே ஆகவேண்டும் என்று நாள் குறித்த பணத்தை, இரண்டே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்காக விழக்கூடிய பொருளில் முழுவதாக இடுவதை நாம் ஆதரிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமற் சொன்னோம். 'வெள்ளி இல்லாமல் முடியாது' என்பதற்கு 'இந்த விலைக்கு இதுவரை வேறு வழி அமையவில்லை' என்பதே பொருள் என்றும் கூறினோம். வாங்கும்போது கடைக்காரர் கூறும் விலை ஒன்று, விற்கச் சென்றால் கூறும் விலை வேறொன்று என்பதை அவருக்கு நாம் கூற வேண்டியதில்லை, அவரும் கடைக்காரரே. மகளுக்கு ஒரு சோடி கொலுசு வாங்குவதை எவரும் தடுக்கவில்லை.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். வைப்பின் தவணை தை மாதத்திலேதான் முடிகின்றது, அதுவரை பொறுத்துப் பார்ப்பதாகக் கூறி எழுந்தார். வாங்குவதில்லை என்று அவர் சொல்லவில்லை.

மகன் மட்டும் வாசலிற் பின்தங்கி நின்றான். "ஐயா, எல்லாரும் வெள்ளியை விட்டுச் செம்புக்குப் போனால், செம்பு இன்னும் கூட வெட்டவேண்டி வரும். அந்தச் சேற்றிலே வெள்ளியும் கூட வருமல்லவா?"

வரும் என்றோம்.